தொடக்கூடாத சிவப்பு அங்கி

"திருடன் ரொம்ப மரியாதை தெரிஞ்சவன், மேடம். பொருளைத் தூக்கிட்டு, கயிறை மறுபடி மாட்டிட்டுப் போயிருக்கான்."

நரசிம்மன் சொன்னது உண்மைதான். லான்ஸ்டவுன் கலைக்கூடத்தின் பெரிய அறையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் இரண்டு பித்தளைத் தூண்கள் நின்றன. நடுவே பட்டுக் கயிறு ஒழுங்காகக் கொக்கியில் மாட்டப்பட்டிருந்தது. பக்கத்தில், 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. தொடுவதற்குத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

சத்தியபாமா குனிந்து கொக்கியைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த ஆணிகளைப் பார்த்தார். சேலைக்கு மேல் ஆண்கள் கம்பளிக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு துப்பறியும் பெண்மணி 1977ஆம் வருடத்து மெல்போர்னில் அவர் ஒருவர்தான். நோபல் பார்க் வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். காணாமல்போன கணவர்களும் காணாமல்போனதாகச் சொல்லப்படும் நகைகளும்தான் வழக்கமாக அங்கே வரும். காணாமல்போன கலை இதுதான் முதல் தடவை.

"மரியாதை இல்லை, பழக்கம்," என்றார் அவர். "இந்தக் கயிறை நாள் முழுக்கக் கழட்டி மாட்டுற ஆள்தான் இப்பிடி யோசிக்காமல் மாட்டும். அதைத்தான் பொலிசும் சொல்லுது."

நரசிம்மனுக்குச் சங்கடமாக இருந்தது. கயிறைக் கழற்றி மாட்டுவது காவலாளியின் வேலை. அந்தக் காவலாளி வரதராஜாதான் இவர்களைக் கூப்பிட்டிருந்தார். தங்கள் கட்சிக்காரருக்கு எதிரான முதல் தடயத்தைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

நரசிம்மன் திருவல்லிக்கேணியிலிருந்து கணக்காயர் படிப்புக்காக மெல்போர்ன் வந்தவன். கணக்கு அவனைக் கைவிட்டது, சத்தியபாமா கைவிடவில்லை. அவருடைய பழைய ஹோல்டன் காரை ஓட்டுவதும், அவர் பேசும் யாழ்ப்பாணத் தமிழை முகம் சுளிக்காமல் புரிந்துகொள்வதும், இரண்டுக்கும் நடுவே வாயை மூடாமல் இருப்பதும் அவன் உத்தியோகம்.

அவன் சுற்றிலும் பார்த்தான். பிரேசிலின் இன்றைய கலை என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். கறுப்பும் மஞ்சளுமாகச் சதுரங்கள் வரைந்த திரைகள். கீல் வைத்து மடக்கிய அலுமினியத் தகடுகள். ஒரு மூலையில் செங்கல் தூள் குவியல். அதைச் சுற்றியும் கயிறு.

"காணாமப் போனதும் இப்படித்தானா, மேடம்?"

"அது ஒரு அங்கி. கோணிச் சாக்கையும் பழைய திரைச்சீலையையும் தைச்சு, சிவப்புச் சாயம் போட்டது. பாக்க வாறவை அதைப் போட்டுக்கொண்டு நடக்கவேணும், ஆடவேணும். அப்பத்தான் அது கலையாம். சும்மா தொங்கினால் வெறும் துணியாம். செய்தவவே கண்காட்சிப் புத்தகத்திலை எழுதியிருக்கிறா."

"அதனாலதான் 'தொடாதீர்கள்'னு போட்டுக் கயிறு கட்டியிருக்காங்களாக்கும்."

அங்கியைத் தைத்த இஸவுரா டெல்காடோ என்ற கலைஞர் நேரிலேயே மெல்போர்ன் வந்திருந்தார். மற்றவர்களின் படைப்புகள் மட்டும் வந்தன. இன்று மாலை திறப்புவிழா. காலையில் சுவர் வெறுமையாக இருந்தது. பகல் காவலோடு நேற்றிரவுக் காவலும் வரதராஜாதான். சாவிக்கொத்து அவரிடம். சின்னப் பிள்ளைகூட அவரைத்தான் சந்தேகப்படும்.

வரதராஜாவை ஒரு கான்ஸ்டபிள் ஊழியர்களின் சமையலறையில் உட்கார வைத்திருந்தான். இவர்கள் உள்ளே வந்தபோதே நடைவழியில் ஒரு நிமிடம் பேச விட்டார்கள். நெடிய மனிதர், சீருடைத் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"நான் எடுக்கேல்லை அக்கா. மனிசியும் பிள்ளையளும் அனுராதபுரத்திலை கலவரத்துக்குத் தப்பி இப்பத்தான் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்கினம். இஞ்சை கூப்பிடப் பத்திரம் குடுத்திட்டு இருக்கிறன். களவு வழக்கு ஒண்டு என்ர பேரிலை எழுதினாங்கள் எண்டால் அவையை வர விடுவாங்களோ?"

சத்தியபாமா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "பாப்பம்," என்றார். அவர் அகராதியில் அது சத்தியம் செய்வதற்குச் சமம் என்று நரசிம்மனுக்குத் தெரியும்.

---

இயக்குநர் பெம்பர்ட்டனின் அறையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. பெம்பர்ட்டன் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். மேசைக்குப் பின்னால் சார்ஜன்ட் மக்ராத். காப்புறுதி மோசடிகள் இரண்டில் சத்தியபாமாவின் தயவால் நல்ல பெயர் வாங்கியவர். அதனால் இவர்களை மூலையில் நிற்க அனுமதித்தார்.

எதிரே இஸவுரா. நாற்பது வயது இருக்கும். குட்டை முடி, சாயக் கறை போகாத விரல்கள், கறுப்புத் தோல் காலணி. அவருக்குப் போர்த்துகீசு தவிர வேறு மொழி தெரியாது. பக்கத்தில் வலடாரிஸ் என்ற வழுவழுப்பான மனிதர். கண்காட்சியோடு பிரேசிலிலிருந்து வந்த மேலாளர் அவர்தான், மொழிபெயர்ப்பாளரும் அவரே. திறப்புவிழா முடிந்ததும் இருவரும் இன்றிரவே விமானம் ஏற வேண்டும் என்று அதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

"அங்கியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

வலடாரிஸ் அதைப் போர்த்துகீசில் கேட்டதும் இஸவுரா பேச ஆரம்பித்தார். கையை வீசினார், நெஞ்சைத் தொட்டார், வாசல் பக்கம் காட்டினார், மறுபடி நெஞ்சைத் தொட்டார். மூச்சு வாங்கி நிறுத்தினார்.

வலடாரிஸ் தலையசைத்தார். "மிகவும் வருத்தமாக இருக்கிறது என்கிறார்."

நரசிம்மன் சத்தியபாமாவின் காதருகே குனிந்தான். "அந்தம்மா முழுச் சாப்பாடு போட்டாங்க, மேடம். இவர் நமக்கு அப்பளத்தை மட்டும் எடுத்து வைக்கிறார்."

சத்தியபாமா கண்களை மூடிக்கொண்டிருந்தார். அவர் தூங்குகிறார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். காது கூர்மையாகும்போது அவர் கண்ணை மூடுவார்.

"காவலாளி மீது உங்களுக்குச் சந்தேகம் உண்டா?"

இஸவுரா மேசையில் ஓங்கி அறைந்தார். இந்தத் தடவை இன்னும் வேகமாக, இன்னும் நீளமாகப் பேசினார். குரல் உடைந்தது.

"அந்த ஏழைக் காவலாளியை மன்னித்துவிடச் சொல்கிறார்," என்றார் வலடாரிஸ் உருக்கமாக. "கலைஞர்களுக்கு மனசு பெரிது."

சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். இஸவுரா அவருடைய பேனாவையே பார்த்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, மூன்றாவது முறையும் ஏதோ சொன்னார்.

சத்தியபாமா கண்ணைத் திறந்தார்.

"நரசிம்மன், குசினி எங்கை எண்டு கேளும்."

"டீ வேணுமா மேடம்? இப்பவா?"

"குசினி எண்டு சொன்னவ. அலுமாரி எண்டவ. சாவி எண்டவ. மூண்டு தரமும் அதே மூண்டு சொல்லு. உமக்குக் கேக்கேல்லையோ?"

நரசிம்மன் விழித்தான். "அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?"

"அவவுக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்குத்தான் கொஞ்சம் போர்த்துக்கீசு தெரியும். பறங்கியள் யாழ்ப்பாணத்தை ஆண்டுபோட்டுப் போகேக்கை வீட்டுச் சாமானுக்கெல்லாம் தங்கட பேரை விட்டிட்டுப் போயிட்டாங்கள். குசினி அவங்கட. கதிரை அவங்கட. சாவி உங்களுக்கும் சாவிதானே?"

"ஆமா… சாவி, அலமாரி, ஜன்னல், மேஜை…" அவன் விரல்விட்டு எண்ணினான். இஸவுரா 'ஷாவி' என்றதும் 'அர்மாரியு' என்றதும் இப்போதுதான் காதுக்குள் திரும்பி வந்தன. இவ்வளவு நேரமும் அவன் கேட்டுக்கொண்டிருந்தது வேற்று மொழியை. அதில் தெரிந்த சொல் இருக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. "அப்போ இந்த ஆள்…"

"பொய் சொல்லுறான். ஏன் எண்டு தெரியாது. குசினியைப் பாத்தால் தெரியும்."

அவர் சார்ஜன்டிடம் ஆங்கிலத்தில் மிகவும் பணிவாகச் சொன்னார்: எல்லோரும் களைத்துப்போயிருக்கிறோம், ஊழியர் சமையலறைக்குப் போய் ஆளுக்கு ஒரு கோப்பை தேநீர் குடித்தால் என்ன?

ஆஸ்திரேலியக் காவல்துறையில் தேநீரை மறுத்தவர் இன்னும் பிறக்கவில்லை. வலடாரிஸ் மட்டும் கடிகாரத்தைக் காட்டினார், விமானம் என்றார். ஆனால் இஸவுரா முதல் ஆளாக எழுந்து வாசலில் நின்றார்.

---

சமையலறை சின்னது. தண்ணீர்த் தொட்டி, கெட்டில், நான்கைந்து நாற்காலிகள், சுவரோரம் பச்சை வண்ணம் பூசிய ஒரு மர அலமாரி. மூலையில் வரதராஜாவும் கான்ஸ்டபிளும்.

சத்தியபாமா நேரே போய் அலமாரிக் கதவை இழுத்தார். பூட்டியிருந்தது.

"இதன் சாவி எப்போதும் கதவிலேயே இருக்குமே," என்றார் பெம்பர்ட்டன். "வரதராஜா தன் சாப்பாட்டை வைக்கும் அலமாரி. வேறு யாரும் தொடமாட்டார்கள்."

சார்ஜன்ட் தேநீரை மறந்தார். வரதராஜாவை நோக்கித் திரும்பினார்.

"ஐயோ அக்கா," என்றார் வரதராஜா. பயத்தில் ஆங்கிலம் அவரை விட்டு ஓடிவிட்டது. "அது என்ர அலுமாரிதான். காலமை சாப்பாட்டை எடுக்கப் போனன், பூட்டிக் கிடந்தது, சாவியைக் காணேல்லை. பயத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"என்ன சொல்கிறார்?" என்று சார்ஜன்ட் நரசிம்மனைக் கேட்டார்.

நரசிம்மனின் நாக்கு நுனியில் ஒரு நல்ல பொய் வந்து நின்றது. 'அந்த அலமாரியை நான் பார்த்ததே இல்லை என்கிறார்.' எவ்வளவு சுலபம்! அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் ஒரே பக்கம். மொழிபெயர்ப்பவன் கையில் இத்தனை அதிகாரம் இருக்கிறதா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. எதிரே வலடாரிஸ் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார், தொழில் தெரிந்தவர் இன்னொருவரைப் பார்ப்பதுபோல. அந்தப் புன்னகை அவனுக்குப் பிடிக்கவில்லை.

வரதராஜா சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னான்.

சார்ஜன்ட் பெருமூச்சு விட்டார். "மன்னிக்கவும், மேடம். அவருடைய அலமாரி. பூட்டியதை மறைத்திருக்கிறார். உள்ளே அங்கி இருந்தால், என் வழக்கை நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்."

"நாம வந்து நல்லா உதவி பண்ணோம்," என்று முணுமுணுத்தான் நரசிம்மன். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தான். குரல் அப்படி வரவில்லை. வரதராஜா தொப்பியை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சத்தியபாமா யாரையும் பார்க்கவில்லை. இஸவுராவிடம் போனார். கையை நீட்டினார்.

"சாவி?"

அந்த முகம் மாறியதை நரசிம்மன் வெகுகாலம் மறக்கவில்லை. பல நாட்களாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு உள்ளேயிருந்து யாரோ பதில் குரல் கொடுத்ததுபோல இருந்தது. இஸவுரா குனிந்தார், வலது காலணியைக் கழற்றினார், தலைகீழாகப் பிடித்து உதறினார். சின்னப் பித்தளைச் சாவி ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

வலடாரிஸ் என்னவோ சீறினார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

இஸவுராவே அலமாரியைத் திறந்தார். வரதராஜாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே, நான்காக மடித்து, சிவப்பு அங்கி இருந்தது.

---

"சார்ஜன்ட்," என்றார் சத்தியபாமா, "இவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். இந்த முறை இந்த ஐயாவின் வாய் வழியாக வேண்டாம்."

தொலைபேசியில் மொழிபெயர்க்கும் அரசாங்கச் சேவை ஒன்று மெல்போர்னில் இருந்தது. சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசியில் சார்ஜன்ட் எண்ணைச் சுழற்றினார். எங்கோ ஓர் அறையில் இருந்த ஒரு பெண்ணின் குரல் இஸவுராவின் காதுக்கும் சார்ஜன்டின் காதுக்குமாக மாறி மாறிப் பயணம் செய்தது. சார்ஜன்டின் முகம் நீண்டுகொண்டே போனது.

இன்று காலை, கூடத்தில் யாரும் இல்லாத நேரத்தில், அங்கியைக் கழற்றி வைத்தவர் இஸவுராதான். தன் படைப்பை மாட்டும்போது ஒரு வாரம் முழுக்கக் கழற்றி மாட்டிய கயிறு. கை தானாகவே அதைத் திரும்ப மாட்டிவிட்டது. போன வருடம் அவருடைய தம்பியைச் சிப்பாய்கள் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். தம்பி வரவில்லை. அதைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரரிடம் இஸவுரா வாய் திறந்தார். ஊர் திரும்பினால் அடுத்தது தான்தான் என்று அவருக்குத் தெரியும். கடவுச்சீட்டு வலடாரிஸின் சட்டைப்பையில்; இஸவுராவை விடாமல் திருப்பிக் கூட்டிப்போவதற்கென்றே அரசு அனுப்பிய ஆள் அவர். தனியாகப் போக அனுமதித்த ஒரே இடம் காப்பி குடிக்க இந்தச் சமையலறை. ஒரு திருட்டு செய்தால் போலீஸ் பிடிக்கும். பிடித்தால் விமானம் போய்விடும் என்று கணக்குப் போட்டார். போலீஸ் வந்து காவலாளியைப் பிடித்தது. பதறிப்போய், நான்தான் எடுத்தேன், சமையலறை அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம், அந்த மனிதரை விடுங்கள் என்று மூன்று தடவை வாக்குமூலம் கொடுத்தார்.

"தன்னைக் கைது செய்யும்படி கேட்டுக்கொள்கிறார்," என்று முடித்தார் சார்ஜன்ட். பிறகு பெம்பர்ட்டனைப் பார்த்தார். "இந்த அங்கி யாருக்குச் சொந்தம்?"

"கலைஞருக்குத்தான். நாங்கள் இரவல் வாங்கியிருக்கிறோம்."

சார்ஜன்ட் தலையைச் சொறிந்தார். "தன் கோட்டைத் தானே ஆணியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்ததற்கு நான் யாரையும் கைது செய்ய முடியாது."

தொலைபேசிக் குரல் அதையும் விசுவாசமாக மொழிபெயர்த்தது. இஸவுரா ரிசீவரை மெல்லக் கீழே வைத்தார்.

"நல்லது, விஷயம் முடிந்தது," என்றார் வலடாரிஸ். "விமானத்துக்கு நேரமாகிறது." அவர் கை இஸவுராவின் தோளை நோக்கி நீண்டது.

இஸவுரா விலகினார். மற்றக் காலணியையும் கழற்றினார். இரண்டையும் ஜோடியாக அலமாரிக்குள் வைத்தார், கதவைச் சாத்தினார், பூட்டினார். சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெறும் பாதங்கள் இரண்டும் குளிர்ந்த தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தன. தூக்கிக்கொண்டு போனால் ஒழிய அவர் நகரமாட்டார் என்பதை விளக்க எந்த மொழியும் தேவைப்படவில்லை.

கெட்டில் கொதித்து விசில் அடித்தது. யாரும் அணைக்கவில்லை.

"அவரைக் கைது செய்ய முடியாது, சரி," என்றார் சத்தியபாமா. "காலையிலிருந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னது யார், சார்ஜன்ட்? தான் எடுத்ததாக அவர் சொன்னார். காவலாளியை மன்னிக்கச் சொல்கிறார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நிரபராதி சிறைக்குப் போவார் என்று தெரிந்தே விசாரணையில் பொய் சொன்னவரை என்ன செய்வது வழக்கம்?"

சார்ஜன்ட் மக்ராத்தின் கழுத்து மெல்லச் சிவந்தது. ஏமாற்றப்பட்டதைவிட, ஏமாற்றப்பட்டதைத் தன் கையாலேயே எழுதிவைத்ததுதான் அவரைச் சுட்டது.

"மொழிபெயர்ப்பு என்பது ஒரு கலை," என்றார் வலடாரிஸ், வேர்க்கத் தொடங்கிய நெற்றியோடு. "சில நுணுக்கங்கள் விட்டுப்போகலாம்…"

"கலையா?" என்றான் நரசிம்மன். "சார், இவரைச் சுத்தியும் ஒரு கயிறு கட்டிடுங்க."

"ஸ்டேஷனில் கட்டுகிறேன்," என்றார் சார்ஜன்ட். "அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் கடவுச்சீட்டு. பிறகு வண்டியில் ஏறுங்கள். இன்றிரவு விமானம் உங்களை விட்டுவிட்டுப் போகும் என்று நினைக்கிறேன்."

---

கான்ஸ்டபிள் வலடாரிஸைக் கூட்டிக்கொண்டு போனதும் இஸவுரா அலமாரியைத் திறந்து அங்கியை எடுத்தார். வரதராஜாவின் முன்னால் போய் நின்று, அதை விரித்து, அவர் தோளில் போட்டார். மன்னிப்புக் கேட்கும் விதம் அதுதான் போலும். நடக்கும்படி கையைக் காட்டினார்.

"தொடக்கூடாது!" என்று பெம்பர்ட்டன் பாதி கத்தினார். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்து மீதியை விழுங்கினார்.

ஒரு வாரமாக வேலையாட்களைக்கூடத் தொடாதீர்கள் என்று விரட்டிய மனிதர் இப்போது கோணிச் சாக்கு அங்கியில், திருமண மேடைக்குப் போகும் மாப்பிள்ளைபோல விறைத்து, சமையலறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கண்ணில் நீர் தளும்பியது. துடைக்கக் கையைத் தூக்கினால் அங்கி கலைந்துவிடுமோ என்று பயந்து, அப்படியே விட்டுவிட்டார்.

பெம்பர்ட்டனின் கவலை வேறாக இருந்தது. அவர் அலமாரிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு கறுப்புக் காலணிகள், நெருக்கமாக.

"இது… புதிய படைப்பா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "தலைப்பு என்ன? மாலை விழாவுக்கு இதையும் வைக்கலாமா?"

மறுபடி தொலைபேசி வழியாக இஸவுராவின் பதில் வந்தது: அவை என் காலணிகள். சிறிது நேரம் கழித்து இன்னொரு பதிலும் வந்தது: வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் அந்த மனிதரிடம் கொடுத்துவிடுங்கள்.

பெம்பர்ட்டன் அந்த நிமிடமே பித்தளைத் தூண்களுக்கு ஆள் அனுப்பினார்.

அதனால்தான், திறப்புவிழாவுக்கு விருந்தினர்கள் வந்துகொண்டிருந்த மாலையில், பிரேசிலின் புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் வெறுங்காலோடு போர்க் தெருவில் நடந்தார். ஒரு பக்கம் கம்பளிக் கோட்டுப் போட்ட சேலைக்காரி, மறு பக்கம் வாயாடி இளைஞன். ஒரு கடையில் தடித்த அடிப்பாகம் வைத்த பழுப்பு நிறச் சப்பாத்து ஜோடி ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். மழையிலும் சேற்றிலும் பல வருடம் உழைக்கக்கூடியது. நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே இரண்டு தடவை நடந்து பார்த்தார்.

"நாளைக்குக் காலமை இமிகிரேசன் கந்தோருக்குப் போகவேணும்," என்று சத்தியபாமா அவரிடம் தமிழிலேயே சொன்னார். பகல் முழுக்க அந்த மொழி வேலை செய்ததால் வந்த நம்பிக்கை. "விடுவாங்களோ தெரியாது. கேட்டுப் பாப்பம். கந்தோர். விளங்குதோ? கந்தோர்."

இஸவுரா புருவத்தை உயர்த்தி உதட்டைப் பிதுக்கினார்.

"ஏன் மேடம், ஆபீசுக்கு நீங்க சொல்ற கந்தோர் போர்த்துகீசு இல்லையா?"

"இல்லை," என்றார் சத்தியபாமா, முதன்முறையாகக் கொஞ்சம் தோற்றுப்போன குரலில். "கந்தோர் பறங்கிக்குப் பிறகு வந்த ஒல்லாந்தன் தந்தது. பறங்கி எங்களுக்கு வீட்டுச் சாமான்தான் தந்தவன்."

"அப்போ அந்தம்மா இனி என்ன பண்ணுவாங்க?"

"நாங்கள் செய்ததைத்தான். இங்கிலீசு பழகட்டும்."

டிராம் மணி அடித்துக்கொண்டு வந்து நின்றது. அது எங்கே போகிறது என்று கேட்காமலேயே இஸவுரா முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்தார்.